ஐந்து சோதனைத் தட்டுகள், நான்கு குறைகள்: ஒரு வினைல் பதிப்பின் நிகழ்வு ஆய்வு

பத்துப் பாடல்கள், மொத்தம் 46 நிமிடம். ஒரே ஒரு 12 அங்குல வினைல் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, 300 பிரதிகள். மிக்ஸிங் முடிந்து டிஜிட்டல் வெளியீட்டுக்கான மாஸ்டரும், அதாவது இறுதி ஒலிக்கோப்பும், தயாராக இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் பிடித்திருந்தது. அதே கோப்புகளைத்தான் வினைலுக்கும் அனுப்பிவைத்தோம். சில வாரங்கள் கழித்து, எதுவும் அச்சிடாத வெள்ளை லேபிளோடு ஐந்து டெஸ்ட் பிரஸ்ஸிங் வந்தன. மொத்த அச்சுக்குப் போகுமுன் நாங்கள் கேட்டுப் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டிய சோதனைத் தட்டுகள் அவை.

ஐந்தையும் இரண்டு டர்ன்டேபிள்களில் முழுதாகக் கேட்டோம். நான்கு குறைகள் தென்பட்டன. முதல் பக்கத்தின் கடைசிப் பாடலில் பாடகியின் ஸ, ஷ ஓசைகள் எச்சில் தெறிப்பது போலச் சிதறின. அதே பக்கத்தின் மூன்றாம் பாடலில் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் சீராக வந்து கொஞ்ச நேரத்தில் நின்றது. இரண்டாம் பக்கத்தின் முதல் பாடலில், வலது சானலில், துணி கிழிவது போன்ற இரைச்சல். அதற்கு அடுத்த பாடலில் ஓரிடத்தில் ஊசி தாவியது. அதுவும் ஒரு டர்ன்டேபிளில் மட்டும்.

அச்சடித்த ஆலை சரியாகச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான்கில் இரண்டு குறைகளுக்கு அது பொருந்தியது. மற்ற இரண்டும் எங்கள் மேசையிலிருந்தே கிளம்பியவை. எது எங்கே பிறந்தது என்று எப்படிப் பிரித்தறிந்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல்முறை வினைல் வெளியிடுகிறவர்கள் பலர் இதே இடத்தில் திகைத்துப்போய், குறையோடு சம்மதம் சொல்லிவிடுகிறார்கள்.

தட்டு வந்த வழி

பின்னோக்கிப் போக வேண்டுமானால் முதலில் முன்னோக்கி ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அலுமினியத் தட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு பூசிய லேக்கர் என்ற தட்டில் வேலை தொடங்குகிறது. 12 அங்குல இசைத்தட்டுக்கு 14 அங்குல லேக்கர் வேண்டும். அதைக் கட்டிங் லேத்தில் சுழலவிட்டு, சூடேற்றிய நீலக்கல் அல்லது மாணிக்கக்கல் ஊசியால் இசையைப் பள்ளமாக வெட்டுகிறார்கள். வெட்டும்போது தலைமுடி போலச் சுருண்டு வரும் நாரை ஓர் உறிஞ்சுகுழாய் உடனுக்குடன் இழுத்துக்கொள்கிறது. நைட்ரோசெல்லுலோஸ் சட்டென்று தீப்பற்றும் பொருள். அந்த நாரை எங்கும் குவிய விடமாட்டார்கள்.

வெட்டிய லேக்கர் அடுத்து முலாம் பூசும் கூடத்துக்குப் போகிறது. கழுவி, வெள்ளீய உப்புக் கரைசலால் பதப்படுத்தி, மேலே வெள்ளியைத் தெளிக்கிறார்கள். வெள்ளி படிந்ததும் தட்டுக்கு மின்சாரம் கடத்தும் தன்மை வந்துவிடும். பிறகு நிக்கல் குளியலில் மணிக்கணக்காக மூழ்கவைத்து, அதன் மேல் நிக்கல் தகட்டை வளர்க்கிறார்கள். பிரித்தெடுத்தால் லேக்கரில் பள்ளமாக இருந்தது தகட்டில் மேடாக இருக்கும். இதற்கு ஃபாதர் என்று பெயர். ஃபாதரின் மேல் இன்னொரு தகடு வளர்த்தால் மறுபடி பள்ளம், அது மதர். மதரின் மேல் வளர்ப்பது ஸ்டாம்பர், மறுபடி மேடு. ஸ்டாம்பர்தான் வினைலை அழுத்தும் அச்சு.

இந்தப் பரம்பரையில் எங்களுக்குப் பெரிதும் கைகொடுத்த ஒரு விஷயம் உண்டு. மதரில் இருப்பது பள்ளம் என்பதால் அதை ஊசி வைத்துக் கேட்க முடியும். ஃபாதரையும் ஸ்டாம்பரையும் அப்படிக் கேட்க முடியாது. லேக்கரோ, நிக்கல் தகட்டைப் பிரிக்கும்போதே பெரும்பாலும் கெட்டுப்போய்விடும். ஆக, லேக்கருக்கும் இசைத்தட்டுக்கும் நடுவே காதால் சோதிக்கக்கூடிய ஒரே இடம் மதர்.

ஆலையில் பிறந்தவை

எல்லாப் பிரதிகளிலும் ஒரே மாதிரி இருந்தால் குறை அச்சுக்கு முன்னால் வந்தது, பிரதிக்குப் பிரதி மாறினால் அச்சில் வந்தது. இந்த எளிய விதியோடுதான் தொடங்கினோம். பாதி வழிவரை அது சரியாகவே இருந்தது.

கிழிசல் சத்தம் ஐந்தில் மூன்று தட்டுகளில் மட்டும் கேட்டது. அந்த மூன்றிலும் ஒரே அளவில் இல்லை. தட்டைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஓரத்தில் ஊசித்தையல் போட்டது போல வெள்ளைப் புள்ளிகள் வரிசையாக மின்னின. இதைத் தொழிலில் நான்-ஃபில் என்பார்கள். பிரஸ்ஸில் நடப்பது இதுதான்: உருக்கிய பிவிசி என்ற வினைல் பிளாஸ்டிக்கை உருண்டையாகத் திரட்டி, மேலும் கீழும் லேபிள் வைத்து, நீராவியால் சூடேறிய இரண்டு ஸ்டாம்பர்களுக்கு நடுவே சுமார் 100 டன் விசையில் அழுத்துகிறார்கள். உருண்டை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் பரவும். உடனே அச்சுக்குள் குளிர்நீர் பாய்ந்து தட்டை இறுகவைக்கும். ஒரு தட்டுக்கு மொத்தம் அரை நிமிடம் போல ஆகும். பிவிசி ஓரம்வரை போய் ஒவ்வொரு மேட்டின் பின்புறத்தையும் நிரப்புமுன் இறுகிவிட்டால், பள்ளத்தின் ஒரு சுவர் சொரசொரப்பாக நின்றுவிடும். ஸ்டீரியோ தட்டில் வெளிப்புறச் சுவர் வலது சானல். அதனால்தான் இந்தக் கிழிசல் பெரும்பாலும் வலது பக்கமே கேட்கிறது. பிவிசி கடைசியாகப் போய்ச் சேரும் இடமான முதல் பாடலில் கேட்கிறது. பாடல், சானல், வெள்ளைப் புள்ளி மூன்றும் ஒரே காரணத்தைக் காட்டின. ஆலைக்காரர்கள் சூடேற்றும் நேரத்தைச் சற்றுக் கூட்டினார்கள், அவ்வளவுதான். அடுத்த சுற்றில் அந்தக் குறை இல்லை.

(லேபிளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். அது பசை போட்டு ஒட்டியதில்லை. அழுத்தும்போதே தட்டோடு சேர்ந்துகொள்கிறது. காகிதத்தில் ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் ஆவியாகிக் கொப்புளம் போடும். அதனால் லேபிள்களை முன்கூட்டியே சூட்டில் வைத்து உலர்த்துகிறார்கள்.)

'டிக்' சத்தம் இவ்வளவு சுலபமாக இல்லை. ஐந்து தட்டிலும் ஒரே இடத்தில் கேட்டது. முதலில் தூசி என்று நினைத்துக் கழுவினோம், போகவில்லை. பிறகு கடிகாரத்தை வைத்துப் பார்த்தோம். இரண்டு 'டிக்'குக்கு நடுவே 1.8 விநாடி. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஆகும் நேரமும் அதுதான். அப்படியானால் அடுத்தடுத்த பள்ளங்களில், ஒரே திசையில், குறுக்காக ஏதோ கிடக்கிறது. எத்தனை முறை கேட்கிறது என்று எண்ணினோம்: 12 முறை.

இந்த எண்ணிக்கையிலிருந்து தழும்பின் அளவைச் சொல்லிவிடலாம். முதல் பக்கம் 26 நிமிடம் 20 விநாடி. அதில் சுமார் 878 சுற்றுகள். இசைக்குக் கிடைக்கும் பட்டை, வெளி விளிம்பிலிருந்து உள்ளெல்லைவரை, ஏறக்குறைய 86 மில்லிமீட்டர். வகுத்தால் ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துப் பள்ளம். பன்னிரண்டு 'டிக்' என்றால் குறை 1.2 மில்லிமீட்டர் அகலம். மணல் பருக்கை அளவு. இத்தனைக்கும் வெறுங்கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நேரத்தைக் குறித்து, அந்த இடத்தைச் சாக்பீஸால் அடையாளம் வைத்து, விரல் நுனியால் தடவியபோதுதான் லேசாக ஒரு குழி தட்டுப்பட்டது.

எங்கள் விதிப்படி இது அச்சுக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். ஆலையில் மதரைக் கேட்கச் சொன்னோம். அதில் 'டிக்' இல்லை. எனவே லேக்கரும் ஃபாதரும் தப்பித்தன, மிச்சம் ஸ்டாம்பர். ஸ்டாம்பரைக் கழற்றிப் பார்த்தபோது முகம் சுத்தமாக இருந்தது, முதுகில் ஒரு துகளின் தடம் இருந்தது. ஸ்டாம்பரைப் பிரஸ்ஸில் மாட்டும்போது தகட்டுக்கும் அச்சுப் படுக்கைக்கும் நடுவே ஏதோ ஒரு பொடி மாட்டிக்கொண்டிருக்கிறது. நூறு டன் அழுத்தத்தில் அது மெல்லிய நிக்கலை முன்பக்கமாகப் பிதுக்கிவிட்டது. அந்தப் பிதுக்கம்தான் ஒவ்வொரு தட்டிலும் குழியாக விழுந்தது. ஐந்து தட்டிலும் ஒன்றுபோல இருந்தும் இதுவும் பிரஸ் அறையில் பிறந்த குறைதான். எங்கள் விதி இங்கே உடைந்தது. மதரைக் கேட்காமல் அதையே நம்பியிருந்தால் முலாம் கூடத்தோடு தேவையில்லாமல் சண்டை போட்டிருப்போம்.

தாவிய ஊசி

ஒரு டர்ன்டேபிளில் தாவியது, இன்னொன்றில் தாவவில்லை. இப்படி நடந்தால் பலரும் டர்ன்டேபிளைக் குறை சொல்லி முடித்துக்கொள்வார்கள். ஊசியின் எடையைக் கூட்டினால் தாவல் நின்றுவிடவும் செய்யும். ஆனால் வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்படிக் கூட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. மற்ற எந்தத் தட்டிலும் தாவாத ஊசி இந்தத் தட்டில் தாவினால் அதற்குக் காரணம் பள்ளத்தில் இருக்க வேண்டும்.

ஸ்டீரியோ பள்ளம் 90 டிகிரி விரிந்த ஒரு 'வி' வடிவம். இடது சானல் ஒரு சுவரில், வலது சானல் மறு சுவரில், இரண்டும் 45 டிகிரிச் சாய்வில். 1931-ல் ஆலன் ப்ளம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோதே இந்த அமைப்பு அதில் இருந்தது. அது கடைக்கு வந்து சேர 1950-களின் இறுதி ஆகிவிட்டது. இதில் இரண்டு சானலிலும் ஒரே ஒலி ஒன்றாக வந்தால் ஊசி இடவலமாக மட்டும் அசையும். இரண்டும் எதிரெதிர் ஃபேஸில், அதாவது ஒன்று ஏறும்போது மற்றது இறங்குமாறு, வந்தால் ஊசி மேலும் கீழுமாக அசையும். இடவல அசைவுக்குப் பக்கத்தில் இடம் விட்டால் போதும். மேல்நோக்கிய அசைவுக்கு இடமே கிடையாது. பள்ளத்தின் தரை எழும்பி எழும்பி, ஒரு கட்டத்தில் பள்ளமே இல்லாமல் போய்விடும்.

கோப்பைத் திறந்து அந்த இடத்தைப் பார்த்தோம். இரண்டாம் பக்கத்தின் அந்த இரண்டாம் பாடலில் டிரம் அடியோடு ஒரு சிந்தசைஸர் ஒலி நுழைகிறது. அதை அகலமாகக் கேட்கவைக்க நாங்கள் ஓர் எஃபெக்ட் போட்டிருந்தோம். அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியையும் இடதுக்கும் வலதுக்கும் எதிரெதிராகத் திருப்பியிருந்தது. இரண்டு சானலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டரின் முள் அந்த அடியில் எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. ஹெட்ஃபோனில் சுகமாக இருந்த விரிவு, லேக்கரில் ஊசியைத் தூக்கி எறியும் மேடாகிவிட்டது.

கட்டிங் பொறியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. வெட்டி முடித்ததும் மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார். 90 டிகிரிப் பள்ளத்தில் மேற்பரப்பு அகலம் எப்போதும் ஆழத்தின் இரு மடங்கு. அதனால் ஆழத்தை நேரடியாக அளக்க வேண்டாம். பள்ளம் ஒடுங்கினால் ஆழம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த அடியில் பள்ளம் மற்ற இடங்களைவிடப் பாதியாக ஒடுங்கியிருந்ததைப் பார்த்து, வெட்டுக் குறிப்பில் எழுதியும் வைத்திருந்தார். அந்தக் குறிப்பு எங்களுக்கு வந்த மின்னஞ்சலில் இணைப்பாக இருந்தது. நாங்கள் யாரும் திறக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வருத்தமான இடம் இதுதான். திறந்திருந்தால் முலாம் பூசும் முன்பே நிறுத்தியிருக்கலாம்.

"கீழ் ஒலியை நடுவுக்குக் கொண்டுவந்து அனுப்புங்கள், மேலே எவ்வளவு விரிந்தாலும் எனக்குப் பரவாயில்லை" என்றார் அவர். அவரிடமே கீழ் ஒலியை மோனோவாக்கும், அதாவது இரண்டு சானலிலும் ஒன்றே ஆக்கும், கருவி இருக்கிறது. ஆனால் அதை முழுப் பக்கத்துக்கும் போட அவருக்கு மனமில்லை. மற்ற பாடல்களுக்கு அது தேவையும் இல்லை. நாங்கள் அந்த ஒரு பாடலில், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், மிக்ஸிலேயே மோனோவாக்கினோம். மிக்ஸிலேயே செய்தால் சிந்தசைஸரை மட்டும் தொட்டால் போதும். மற்ற வாத்தியங்கள் இருந்தபடியே இருக்கும்.

சிதறிய ஸ, ஷ

இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. ஐந்து தட்டிலும் இருந்தது, இரண்டு டர்ன்டேபிளிலும் இருந்தது. மதரிலும் இருப்பதாக ஆலையிலிருந்து சொன்னார்கள். ஆனால் கோப்பில் இல்லை. அதே பாடகி, அதே மைக், அதே அறையில் பாடிய முதல் பாடல் அதே பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. அது கண்ணாடி போலத் தெளிவாகக் கேட்டது. இரண்டு பாடலுக்கும் நடுவில் என்னதான் மாறியது?

இடம் மாறியது. தட்டு எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. வெளி விளிம்பில் அது விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர். லேபிளுக்குப் பக்கத்தில், இசைக்கு அனுமதிக்கப்பட்ட கடைசிச் சுற்றில், சுமார் 21 சென்டிமீட்டர். ஒரு ஸகாரத்தின் சீறல் 7 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். வெளியே அதன் ஓர் அலை 73 மைக்ரான் நீளத்துக்கு விரிந்து படுத்திருக்கும். உள்ளே வந்தால் அதே அலை 30 மைக்ரானுக்குள் நெருக்கியடிக்கும். அசைவின் அளவு மாறாமல் நீளம் மட்டும் சுருங்கும்போது, பள்ளத்தின் வளைவு நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூர்மையாகும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஆறு மடங்கு. சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். பெரிய உருண்டை ஒன்று குறுகிய வளைவுக்குள் நுழைய முடியாமல் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டு போகிறது. அந்த முட்டல்தான் எச்சில் தெறிப்பாகக் கேட்கிறது.

இன்னொரு சுமையும் இதில் சேர்கிறது. 1954-ல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் பொதுவாக்கிய ஆர்ஐஏஏ வளைவின்படி, வெட்டும்போது கீழ் ஒலியைக் குறைத்து மேல் ஒலியைக் கூட்டுகிறார்கள். கேட்கும்போது ஃபோனோ ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிப் போடும். கீழ் ஒலி குறைவதால் பள்ளம் இடத்தை அடைக்காது; மேல் ஒலி கூடியிருப்பதால் வினைலின் இயல்பான இரைச்சல் அமுங்கும். அருமையான ஏற்பாடு. ஆனால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 13.7 டெசிபல் கூடுகிறது. கோப்பில் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும் ஒரு ஸகாரம், வெட்டும் ஊசிக்குப் பெரிய உதறலாகப் போய்ச் சேர்கிறது.

இவ்வளவும் தெரிந்தும், முதல் வாரம் நான் ஊசியைத் தாங்கும் என் கார்ட்ரிட்ஜையே சந்தேகித்தேன். கோணம் பிசகியிருந்தாலும் இதே மாதிரிதான் சிதறும். கோணத்தைச் சரிபார்த்துவிட்டு மூன்று வகை ஊசிகளில் கேட்டோம். உருண்டை முனையில் மிக மோசம். நீள்வட்ட முனையில் சற்றுத் தேவலை. மெல்லிய கோடு போல உட்காரும் நுண்முனையில் பாதிக்கு மேல் போய்விட்டது, முழுதாகப் போகவில்லை. இந்தச் சோதனை இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டியது. ஊசி மாறும்போது குறைந்த பங்கு, வளைவுக்குள் நுழைய முடியாததால் வந்தது. எந்த ஊசியிலும் போகாத பங்கு பள்ளத்திலேயே வெட்டுப்பட்டுவிட்டது.

அந்த இரண்டாவது பங்கு எங்கள் டிஜிட்டல் மாஸ்டரிலிருந்து வந்தது. சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இறுதியில் ஒரு லிமிட்டர் போட்டிருந்தோம். அது ஒலி உச்சிகளைத் தட்டையாக்கும். தட்டையான உச்சியின் ஓரங்களில் புதிதாகக் கூர்மையான மேல் ஒலிகள் முளைக்கும். கோப்பில் அவை பெரிதாகத் தெரிவதில்லை. ஆர்ஐஏஏ அவற்றைத் தூக்கிவிட்டு, வெட்டும் தலை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறும்போது தெரிகிறது.

சரி, லிமிட்டரால் தட்டாவது சத்தமாக வந்ததா என்றால் அதுவும் இல்லை. ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் அடங்கும், எவ்வளவு சத்தமாக அடங்கும் என்பவை ஒன்றையொன்று விழுங்குகிற விஷயங்கள். சத்தமும் கீழ் ஒலியும் கூடினால் பள்ளம் அதிகம் ஆடும். ஆடினால் பக்கத்துப் பள்ளத்தை இடிக்காமல் இருக்கத் தள்ளி வெட்ட வேண்டும். தள்ளினால் நேரம் குறையும். லேத், வரப்போகும் ஒலியைச் சற்று முன்கூட்டியே பார்த்து, அமைதியான இடங்களில் பள்ளங்களை நெருக்கியும் சத்தமான இடங்களில் தள்ளியும் வெட்டுகிறது. அதன் சேமிப்பெல்லாம் பாட்டின் அமைதியான இடங்களிலிருந்து வருவது. லிமிட்டர் போட்டு நாங்கள் அமைதியையே அழித்திருந்தோம். சேமிக்க எதுவும் இல்லாததால், 26 நிமிடத்தை அடக்கப் பொறியாளர் மொத்த அளவைக் கீழே இறக்க வேண்டியதாயிற்று. கடைசியில் லிமிட்டர் இல்லாத ஒரு மாஸ்டரிலிருந்து வந்திருக்கக்கூடிய தட்டைவிடச் சன்னமாகவும், அதைவிடக் கரடுமுரடாகவும் ஒரு தட்டு எங்களுக்குக் கிடைத்தது.

மாற்று வழிகள் இரண்டைப் பேசிப் பார்த்தோம். லேக்கருக்குப் பதில் செம்புப் படலத்தில் நேரடியாக வெட்டும் டிஎம்எம் முறை ஒன்று. செம்பில் லேக்கர் போல வெட்டிய பிறகு மீண்டு எழும்பும் குணம் இல்லை, முன் எதிரொலி (அடுத்த சுற்றின் ஒலி முன்கூட்டியே மெல்லக் கேட்பது) குறையும், பரம்பரையில் இரண்டு படிகள் மிச்சமாகும். ஆனால் உள் சுற்றுகளில் பள்ளம் ஓடும் வேகத்தை அதனாலும் மாற்ற முடியாது. இன்னொன்று, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் இரண்டு தட்டுகள். ஒலிக்கு அதுதான் சிறந்த தீர்வு என்று இப்போதும் நினைக்கிறேன். பக்கத்துக்கு 11½ நிமிடம்தான் வரும், உள் எல்லைப் பக்கமே போக வேண்டியிருக்காது. ஆனால் லேக்கர் முதல் உறைவரை எல்லாம் இரட்டிப்பாகும். 300 பிரதிகளுக்கு அது எங்களால் ஆகாத காரியம். இடையில் யாரோ 180 கிராம் தட்டாகப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டார்கள். ஆகாது. தடித்த தட்டு எளிதில் நெளியாமல் இருக்கலாம். பள்ளத்தின் வடிவம் 140 கிராமிலும் 180 கிராமிலும் ஒன்றேதான்.

மறுபடி வெட்டியது

மிச்சமிருந்த வழி பாடல் வரிசையை மாற்றுவது. முதல் பக்கத்தின் கடைசிப் பாடல்தான் ஆல்பத்திலேயே சத்தமானது. இசையமைப்பாளர் அதை வேண்டுமென்றேதான் அங்கே வைத்திருந்தார். பக்கம் அப்படி உச்சத்தில் முடிய வேண்டும் என்பது அவருடைய ஆசை. தட்டின் மிகப் பலவீனமான இடத்தில் மிகப் பலமான பாடல் உட்கார்ந்திருக்கிறது என்று சொன்னால் அவருக்கு ஏற்க முடியவில்லை. அந்தப் பாடலின் ஒரே வரியை, தட்டிலிருந்து ஒருமுறை, கோப்பிலிருந்து ஒருமுறை, மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினோம். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இரண்டாம் பக்கத்தைத் திறந்ததும் இது வரட்டும்" என்றார். என் கருத்தில், வினைலுக்கு வரும்போது பாடல் வரிசையை மாஸ்டரிங் பொறியாளரையும் உட்காரவைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் குழுவில் அன்றுமுதல் அதுதான் வழக்கம்.

4 நிமிடம் 10 விநாடி நீளமுள்ள அந்தப் பாடல் நகர்ந்ததும் கணக்கும் சீரானது. முதல் பக்கம் 22:10, இரண்டாம் பக்கம் 23:50. முதல் பக்கம் இப்போது ஒரு மெதுவான பாடலில் முடிகிறது. வினைலுக்கென்று தனி மாஸ்டர் செய்தோம். இறுதி லிமிட்டரை எடுத்துவிட்டோம். சிதறிய பாடலில் குரல் டிராக்கில் மட்டும், 5.5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ்வரை, ஸ, ஷ சீறலை அடக்கும் டீ-எஸ்ஸர் போட்டோம். முழு மிக்ஸிலும் போட்டால் சிம்பலும் சேர்ந்து மங்கும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே மென்மையாக ஒரு சரிவு கொடுத்தோம். ஊசி தாவிய பாடலின் கீழ் ஒலியை ஏற்கெனவே சொன்னபடி நடுவுக்குக் கொண்டுவந்தோம்.

இரண்டு பக்கமும் மாறிவிட்டதால் புதிதாக இரண்டு லேக்கர், புதிதாக இரண்டு பரம்பரை. பழைய மதர்கள் இனி உதவாது. லேக்கர் எளிதில் கிடைக்கும் பொருளும் இல்லை. 2020 பிப்ரவரி 6 அன்று கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை தீயில் எரிந்துபோனது. அப்போது உலகத்தில் லேக்கர் தட்டு செய்த பெரிய ஆலைகள் இரண்டே இரண்டு. ஒன்று அது, மற்றது ஜப்பானில். அந்தச் செய்திக்குப் பிறகு எந்தக் கட்டிங் அறையிலும் லேக்கரைச் சாதாரணமாக எடுத்துப் போடுவதில்லை. எங்கள் அலட்சியத்துக்கு இரண்டு லேக்கர் செலவானது என்பது மனதை உறுத்தியது. இந்த முறை வெட்டுக் குறிப்பை மூன்று பேர் படித்தோம்.

வெட்டிய அன்றே லேக்கர்கள் முலாம் கூடத்துக்குக் கிளம்பின. லேக்கர் மென்மையான பொருள்; நாள் ஆக ஆக வெட்டிய வளைவுகள் மெல்லத் தளர்ந்து, மேல் ஒலிதான் முதலில் மங்கும். முதல் சுற்றில் அவை எத்தனை நாள் காத்திருந்தன என்று நாங்கள் கேட்டுவைக்கவில்லை. இரண்டாம் சுற்றில் தேதி போட்டு எழுதி வாங்கினோம்.

இரண்டாவது டெஸ்ட் பிரஸ்ஸிங் ஐந்தும் வந்தபோது முதலில் 'டிக்' இருந்த இடத்தையும் ஊசி தாவிய இடத்தையும் போட்டோம். இரண்டும் சுத்தம். ஐந்து தட்டுகளையும் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தோம். எங்கும் வெள்ளைப் புள்ளி இல்லை. சத்தமான பாடல் இப்போது விளிம்பில் அகலமாக உட்கார்ந்துகொண்டு, உருண்டை முனை ஊசியிலும் சிதறாமல் ஒலித்தது. லிமிட்டர் இல்லாததால் டிரம்மின் அடி முன்பைவிட முழுசாக விழுந்தது. முதல் பக்கத்தில் பொறியாளருக்கு முந்தைய வெட்டைவிட 2 டெசிபல் கூட்டி வெட்ட இடம் கிடைத்திருந்தது.

புதிதாக ஒன்று மட்டும் முளைத்திருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஊசியை வைத்ததும், பாடல் தொடங்க 1.8 விநாடி இருக்கும்போது, முதல் டிரம் அடியின் நிழல் மிக மெல்லக் கேட்கிறது. ஒரு பள்ளத்தின் பலத்த அசைவு முந்தைய சுற்றின் சுவரை லேசாக அழுத்திவிடுவதால் வரும் முன் எதிரொலி இது. சத்தமான பாடலைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்தபோது இதையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருக்கிறோம். அமைதியான தொடக்கச் சுற்றில் அதை மறைக்க வேறு ஒலி இல்லை. தொடக்கத்தில் இடைவெளியை இன்னும் அகலமாக்கி மூன்றாவது முறை வெட்டலாம் என்றார் பொறியாளர். இசையமைப்பாளர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு விநாடியை நாலைந்து முறை கேட்டார். பாட்டு வரப்போகிறது என்று தட்டே சொல்வது போல இருக்கிறது, இருக்கட்டும் என்றார். சம்மதக் கடிதத்தில் அதையும் ஒரு வரியாகக் குறிப்பிட்டு, 300 பிரதிகளுக்கும் கையெழுத்துப் போட்டோம்.